நம்மவன் போல் ஒருவன்

சதுரங்கத்தில் ஒற்றன் இல்லை. நால்வகைப் படையையும் மந்திரியையும் ராஜாவையும் வைத்துக் கற்பனை செய்யப்பட்ட அந்த யுத்தத்தில், எந்த அரசும் ஆள் வைக்காமல் இருந்திராத ஒரு வேலைக்கு ஆள் வைக்கப்படவில்லை. இதை மறதி என்று நான் நினைக்கவில்லை. பலகையின் மேல் இருப்பதெல்லாம் இருவருக்கும் தெரிகிறது. யானை யானையாகவே நிற்கிறது. குதிரை எங்கே தாவும் என்பது எதிரிக்கும் தெரியும். ஒளிய இடமில்லாத ஊரில் வேவுகாரனுக்கு என்ன வேலை? எதிராளியின் மனத்தில் ஓடுவது ஒன்றுதான் அங்கே மறைபொருள். சதுரங்கத்தின் கௌரவமும் அதில்தான் இருக்கிறது. அது யுத்தத்திலிருந்து வெகுதூரம் விலகிப்போனதும் அதனால்தான்.

நான் எழுத வந்தது சதுரங்கத்தைப் பற்றி அல்ல, கம்ப்யூட்டரில் இருவரோ பலரோ எதிரெதிரே அமர்ந்து ஆடும் யுத்த விளையாட்டுகளைப் பற்றி. இந்தப் பக்கங்களின் வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தெருக்கூத்தைக் கலை என்று ஒப்புக்கொள்வதற்கு நம்மில் படித்தவர்களுக்கு எத்தனை காலம் பிடித்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த விளையாட்டுகள் எல்லாவற்றின் மேலும் எனக்கு அக்கறை இல்லை. அவற்றில் ஒரே ஒரு காரியம்தான் பல வருஷங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது: எதிரிப் படையின் உடையை மாட்டி ஒரு வேவுகாரனை அவன் பாசறைக்குள் அனுப்புவது. அது எப்போது விளையாட்டுக்குள் வந்தது, எதனால் வர முடிந்தது, அதில் உண்மையாக ஏமாறுவது எது என்பவற்றைப் பார்க்கலாம்.

விளையாட்டில் ஒற்றன் பிறக்க வேண்டுமானால் முதலில் இருட்டு வேண்டும். இருட்டைப் பராமரிக்க மூன்றாவது ஆள் ஒருவன் வேண்டும். அந்த மூன்றாவது ஆள் பிரஷ்யாவில் கிடைத்தான். 1812இல் ரைஸ்விட்ஸ் என்பவர் மூன்றாம் ஃப்ரெடரிக் வில்லியம் அரசருக்கு ஒரு யுத்த விளையாட்டைச் சமர்ப்பித்தார். மேடும் பள்ளமும் ஆறும் சாலையும் அச்சுகளாக அடுக்கப்பட்ட பெரிய மேஜை அது, அரண்மனைக்குத்தான் சரி. பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்த அவருடைய மகன் மேஜையை விட்டுவிட்டு, 1:8000 அளவில் வரைந்த நிலப்படத்துக்கு ஆட்டத்தை மாற்றி, 1824இல் விதிகளை அச்சிட்டார். சிவப்பும் நீலமுமாக ஈயக் கட்டைகள். ஒரு சுற்று என்பது யுத்தத்தில் இரண்டு நிமிஷம். இரு தரப்பும் தங்கள் ஆணைகளை நடுவரிடம் தரவேண்டும். எதிரியின் கண்ணுக்கு எட்டக்கூடிய துருப்புகளை மட்டுமே நடுவர் படத்தின்மேல் வைப்பார். மற்றவை அவருடைய குறிப்பில் இருக்கும்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது உடனே புலப்படாது. சதுரங்கத்தில் பலகைதான் உண்மை. ரைஸ்விட்ஸின் ஆட்டத்தில் உண்மை நடுவரிடம் இருக்கிறது. பலகையின்மேல் இருப்பது அவர் காட்டச் சம்மதித்த பகுதி. தளபதியாக அமர்ந்தவன் அந்தப் பகுதியை வைத்துக்கொண்டு முழுமையை ஊகிக்க வேண்டும். பிரஷ்யச் சேனையின் தலைமை அதிகாரியாக இருந்த ம்யூஃப்லிங் இதைப் பார்த்துவிட்டு, இது விளையாட்டே அல்ல, யுத்தப் பயிற்சி என்று வியந்ததாகச் சொல்வார்கள். ரெஜிமெண்டுகளுக்கெல்லாம் பரிந்துரை போயிற்று. கண்டுபிடித்தவர் 1827இல் தற்கொலை செய்துகொண்டார். கிளாஸவிட்ஸின் ‘யுத்தம் பற்றி’ அதற்குப் பிறகு, 1832இல்தான், அவர் மனைவியின் முயற்சியால் வெளிவரத் தொடங்கியது. யுத்தத்தில் செயலின் பெரும்பகுதி மூடுபனிக்குள் கிடக்கிறது என்ற கருத்தை எல்லோரும் அவர் தலையில் ஏற்றிவைக்கிறார்கள். பனியையும் அந்தி வெளிச்சத்தையும் அவர் பேசுகிறார் என்பது வாஸ்தவம். ஆனால் அதற்கு எட்டு வருஷம் முன்பே அந்தப் பனியை ஒருவர் விதியாக எழுதி அச்சுக்கோத்துவிட்டார் என்பதை இலக்கியம் படித்த நாம் கவனிப்பதில்லை. நமக்கு வாக்கியம் இருந்தால்தான் சிந்தனை.

1899இல் ஹென்றி மைக்கேல் டெம்பிள் என்ற ஆங்கிலேயர் இதே இருட்டைச் சதுரங்கத்துக்குள் கொண்டுவந்தார். மூன்று பலகைகள். ஆளுக்கொன்றில் அவரவர் காய்கள் மட்டும். மூன்றாவதில் நடுவர் எல்லாவற்றையும் வைத்திருப்பார். நீ நகர்த்த விரும்பும் இடத்துக்கு நகர்த்த முடியாது என்று நடுவர் சொன்னால், அந்த மறுப்பே உனக்குச் செய்தி. பிறகு நடுவரே வேண்டாம் என்று ஒரு கிளை பிரிந்தது. பிரான்ஸில் ‘லட்டாக்’, பின்னால் ஹாலந்தில் ‘ஸ்ட்ராடிகோ’. காய்களின் முகம் உடையவனுக்கு, முதுகு எதிரிக்கு. முதுகெல்லாம் ஒன்று. ஸ்ட்ராடிகோவில் ஆளுக்கு 40 காய். அதில் 8 வேவுக்காரர்கள், ஒரே ஓர் ஒற்றன். இந்த ஒற்றன் பெயருக்குத்தான் ஒற்றன். அவன் வேவு பார்ப்பதில்லை. மார்ஷலைத் தான் முந்திக்கொண்டு தாக்கினால் கொல்வான், அவ்வளவே. அது கொலைகாரனின் உத்தியோகம். வேவு பார்க்கிற எட்டுப் பேரோ நேராக ஓடி, எதிரிக் காய் ஒன்றின்மேல் மோதிச் சாகிறார்கள். எந்தக் கையால் செத்தான் என்பதுதான் அவன் அனுப்பும் தகவல். கொடூரமான, மிகவும் நேர்மையான ஏற்பாடு. ஆனாலும் இங்கே மாறுவேடம் இல்லை. முகமூடி எல்லோருக்கும் இருக்கிற இடத்தில் வேடம் என்று தனியாக ஒன்று இருக்க முடியாது.

வேவுகாரனுக்கும் ஒற்றனுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சட்டம் கறாராகவே பிரித்திருக்கிறது. 1899இலும் பிறகு 1907இலும் ஹேக் நகரில் கூடிய வல்லரசுகள் எழுதிய யுத்த விதிகளில் 29ஆவது ஷரத்து, ரகசியமாகவோ பொய்ப் பாவனையிலோ எதிரியின் பகுதியில் செய்தி சேகரிப்பவனே ஒற்றன் என்கிறது. வேடம் தரிக்காத சிப்பாய் எவ்வளவு உள்ளே நுழைந்து பிடிபட்டாலும் அவன் ஒற்றன் அல்ல, யுத்தக் கைதி. 30ஆவது ஷரத்து, கையும் களவுமாகப் பிடித்தாலும் விசாரணை இல்லாமல் தண்டிக்கக் கூடாது என்கிறது. 31ஆவது இன்னும் விசித்திரம்: வேலையை முடித்துத் தன் படைக்குத் திரும்பிவிட்ட ஒற்றன் பின்னொரு நாள் பிடிபட்டால், பழைய ஒற்றுக்காக அவனைத் தண்டிக்க முடியாது. செய்தி அறிய உபாயங்களைக் கையாள்வது 24ஆவது ஷரத்தின்படி அனுமதிக்கப்பட்ட காரியம். ஆக, ஒற்றனை அனுப்புகிறவன் குற்றவாளி இல்லை. பிடிபடுகிற ஒற்றனைச் சுடுகிறவனும் குற்றவாளி இல்லை. இருவர் கையும் சுத்தமாக இருக்க, நடுவில் ஒருவன் சாகிறான். அவன் செய்த தவறு சட்டையை மாற்றியது.

கம்ப்யூட்டர் யுத்த விளையாட்டில் இருவர் தத்தம் திரைக்கு முன் அமர்கிறார்கள். முறைவைத்து ஆடுவதில்லை, கடிகாரம் நிற்காமல் ஓடுகிறது. சுரங்கம் வெட்டிப் பணம் சேர்த்து, பாசறை கட்டி, சிப்பாய்களைத் தயாரித்து அனுப்புவது எல்லாம் ஏககாலத்தில் நடக்க வேண்டும். ‘ரியல் டைம் ஸ்ட்ராடஜி’ என்று இந்த வகைக்குப் பெயர். 1992இல் வந்த ‘ட்யூன் 2’இல் நிலப்படம் முழுவதும் கருப்பாக மூடிக்கிடந்தது, ஆள் போன இடம் மட்டும் வெளுக்கும், ஒருமுறை வெளுத்தால் வெளுத்ததுதான். 1995இல் ‘வார்கிராஃப்ட் 2’ அதைத் திருத்தியது. பார்த்த நிலம் நினைவில் நிற்கும், ஆனால் உன் ஆள் அங்கிருந்து நகர்ந்ததும் மங்கிவிடும். அதன்பின் அங்கே யார் வந்தார்கள் என்று உனக்குத் தெரியாது. பார்வையையும் ஞாபகத்தையும் இப்படி இரண்டாகப் பிரித்தது சாமான்யமான காரியம் இல்லை. நாவலில் இதைச் சாதிக்க நம்மவர்கள் இன்னும் தட்டுத்தடுமாறுகிறார்கள்.

1996இல் வந்த ‘ரெட் அலெர்ட்’டில்தான், எனக்குத் தெரிந்தவரை, இந்த வகை ஆட்டத்தில் எதிரியின் சட்டை போட்ட ஒற்றன் பெயர் சொல்லும்படி நடமாடுகிறான். கதை அபத்தமானது. ஐன்ஸ்டைன் காலத்தில் பின்னே போய் ஹிட்லரை அப்புறப்படுத்திவிட, ஸ்டாலினின் சேனை ஐரோப்பாவுக்குள் நுழைகிறது. அது போகட்டும். நேச நாட்டு ஒற்றனை அனுப்பியவனின் திரையில் அவன் ஒற்றனாகவே தெரிகிறான். எதிரியின் திரையில் அவன் துப்பாக்கி ஏந்திய அந்த எதிரியின் சொந்தச் சிப்பாய். அவனைச் சுற்றி நிற்கும் சோவியத் சிப்பாய்கள் அவனைச் சுடுவதில்லை. ரேடார் கட்டடத்துக்குள் அவன் நுழைந்துவிட்டால் எதிரியின் ரேடார் பார்ப்பதை நீயும் பார்க்கலாம். சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழைந்தால் அவன் கையில் எவ்வளவு பணம் என்று தெரியும். நுழைந்தவன் திரும்புவதில்லை. கட்டடம் அவனை விழுங்கிக்கொள்கிறது. 31ஆவது ஷரத்துக்கு இங்கே இடமே இல்லை.

ஒற்றனைக் கண்டுபிடிக்க அந்த விளையாட்டைச் செய்தவர்கள் சோவியத் தரப்புக்கு ஒரு நாயைக் கொடுத்தார்கள். சட்டை நாயை ஏமாற்றாது. மோப்பம் பிடித்துப் பாய்ந்து குதறிவிடும். இதை அபாரமான யோசனை என்று இன்றும் சிலாகிக்கிறார்கள். எனக்கு அது ஒரு தப்பித்தலாகப் படுகிறது. சந்தேகப்படுவது ஆடுகிறவனின் பொறுப்பாக இருந்தது. அதை வாங்கி ஒரு மிருகத்திடம் கொடுத்து, நீ நிம்மதியாக டாங்கி கட்டு என்று சொல்லிவிட்டார்கள். 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒற்றன் எந்தக் காலாளின் உருவத்தையும் எடுக்கலாம். பணத்தைத் திருடலாம், மின்சாரத்தை நிறுத்தலாம், ரேடாருக்குள் புகுந்து எதிரி அதுவரை கண்டறிந்த நிலம் முழுவதையும் மறுபடி கருப்பாக்கிவிடலாம். கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடிக்கும். ஒற்றன் செய்தி கொண்டுவருவதற்குப் பதிலாக எதிரியின் ஞாபகத்தை அழிக்கிறான். அதே ஆட்டத்தில் அசையாமல் நிற்கும்போது மரமாகத் தெரியும் டாங்கி ஒன்றும் உண்டு. தன் எல்லையில் எத்தனை மரம் என்று எவன் எண்ணி வைத்திருக்கிறான்?

1998இல் வந்த ‘ஸ்டார்கிராஃப்ட்’ வேடத்தை விட்டுவிட்டு வேறு வழியில் போயிற்று. அங்கே ராணிப் பூச்சி ஒன்று எதிரியின் ஆள்மேல் ஓர் ஒட்டுண்ணியை ஏற்றிவிடும். அதற்குப்பின் அவன் பார்ப்பதெல்லாம் உனக்கும் தெரியும். அவன் விசுவாசமாகவே இருக்கிறான், சண்டை போடுகிறான், அவன் கண் மட்டும் உன்னுடையது. இதன் இரண்டாம் பாகம் 2010 ஜூலையில் வந்தபோது மாறுவேடம் திரும்பி வந்தது. என் கணிப்பில் இந்த உத்தி இங்கேதான் முதிர்ச்சி அடைகிறது. வானத்தில் மிதக்கும் ஒரு ஜந்து கீழே ஒரு சிறு பிராணியை உதிர்க்கும். சேஞ்ச்லிங் என்று அதற்குப் பெயர். எதிரிப் படையை நெருங்கியதும் அது அவர்களுடைய அடிப்படைக் காலாளின் உருவத்தை எடுக்கிறது, அவர்கள் நிறத்திலேயே. அதன் உயிர் வெறும் 5 புள்ளி. ஆயுள் 150 வினாடி. ஆயுதம் இல்லை. திருடாது, மின்சாரத்தை நிறுத்தாது. போய் நிற்கும், பார்க்கும், பிறகு தானாகவே செத்துப்போகும்.

எதிரியின் சிப்பாய்கள் தாங்களாக அதைச் சுடமாட்டார்கள். ஆடுகிறவன் தன் கண்ணால் கண்டு, இவன் நம்மவன் இல்லை என்று தீர்மானித்து, கையால் குறிவைத்து ஆணையிட வேண்டும். நாய் கிடையாது. இதற்கு வழி என்ன? அது ஆணைக்குக் கீழ்ப்படியாது. சுட்டியால் கட்டம் இழுத்து உன் சேனையைத் திரட்டினால் அது அந்தக் கட்டத்தில் சேராது. எல்லோரும் புறப்பட்டுப் போனபின் ஒருவன் மட்டும் வெறுமனே நிற்பான். அல்லது அந்த வகைச் சிப்பாயை நீ இந்த ஆட்டத்தில் தயாரித்தே இருக்கமாட்டாய். அப்போது அவன் ஒருவன் மட்டும் பளிச்சென்று தெரிவான். எவ்வளவு தத்ரூபமாக வேடமிட்டாலும் பயன் இல்லை, நீ எத்தனை பேரை, எந்த வகையில் வைத்திருக்கிறாய் என்பது உனக்கு நினைவிருந்தால். நினைவு இருக்காது என்பதுதான் இதன் அஸ்திவாரம். வங்கியில் நாள் முழுதும் கையெழுத்துகளைச் சரிபார்க்கும் எனக்கு இது புதிய விஷயம் இல்லை. முந்நூறாவது காசோலையில் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது, பழக்கம் பார்க்கிறது. பழக்கத்தை ஏமாற்றப் பெரிய திறமை தேவையில்லை.

அந்தப் பெயரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தொட்டிலில் கிடக்கும் குழந்தையைத் தேவதைகள் கவர்ந்துபோய், அதே ஜாடையில் தங்கள் குழந்தையைப் போட்டுவிடும் என்பது ஐரோப்பிய கிராமங்களின் பழைய நம்பிக்கை. அப்படி மாற்றி வைக்கப்பட்டதற்குச் சேஞ்ச்லிங் என்று பெயர். 1895இல் அயர்லாந்தில் டிப்பரரியில் மைக்கேல் கிளியரி என்பவன், நோயில் கிடந்த தன் மனைவி பிரிட்ஜெட் தன் மனைவியே அல்ல, அவள் உருவில் வந்தது என்று சொல்லி அவளை எரித்துக் கொன்றான். உறவினர்கள் உடனிருந்தார்கள். கோர்ட்டில் அவனுக்கு 20 வருஷத் தண்டனை. விளையாட்டுக்குப் பெயர் வைத்தவர்கள் இவ்வளவையும் நினைத்து வைத்தார்களா என்பது எனக்கு முக்கியம் இல்லை. பெயருக்குள் இது இருக்கிறது. வேடதாரியைத் தேடுகிறவன் கை முதலில் தன்னவர் மேல்தான் விழுகிறது.

வேடமே இல்லாத மாறுவேடம் ஒன்றும் உண்டு. 1999இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகத்தில் ஆட்டம் தொடங்கும்போது ஆளுக்குச் சில ஆடுகள் கிடைக்கும். அறுத்துத் தின்பதற்காக வைத்தவை. விளையாடியவர்கள் அவற்றை வேவுக்கு அனுப்பினார்கள். நிலப்படத்தின் ஓரமாக ஓர் ஆடு நடந்துபோய் எதிரியின் மதிலைப் பார்த்துவிட்டு வரும். விதி எழுதியவர்கள் வேவுக்கென்று குதிரைவீரனை ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள். ஆட்டைக் கண்டுபிடித்தவர்கள் ஆடுகிறவர்கள். இதில் ஒரு சிக்கல்: எதிரியின் ஆள் அருகில் வந்துவிட்டால் ஆடு அவனுடையதாகிவிடும். ஆநிரை கவர்வதற்கு முன் ஒற்றரை அனுப்பி அறிவதை வெட்சியின் துறைகளில் ஒன்றாக வைத்து ‘வேய்’ என்று பெயரிட்ட தொல்காப்பியருக்கு, நிரையே வேய்க்குப் போவதைக் காட்டியிருக்கலாம்.

இந்த ஆட்டத்தைச் செய்த இருவர், பெட்னரும் டெரானோவும், அது வலைத்தொடர்பில் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றி 2001இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். அந்தக் காலத்துத் தொலைபேசி இணைப்பில் ஆயிரக்கணக்கான வில்லாளிகள் எங்கெங்கே நிற்கிறார்கள் என்பதைக் கணத்துக்குக் கணம் அனுப்ப முடியாது. ஆகவே அவர்கள் நிலைகளை அனுப்புவதில்லை. ஆணைகளை மட்டும் அனுப்புகிறார்கள். இரு வீட்டுக் கம்ப்யூட்டரும் அதே ஆணைகளை, அதே வரிசையில், அதே கணத்தில் நிறைவேற்றி, முழு யுத்தத்தையும் தனித்தனியே நடத்திப் பார்த்துக்கொள்கின்றன. ஒரு வில்லாளி ஓர் அடி பிசகி நின்றாலும் இரண்டு யுத்தங்களும் வேறு வேறாகி ஆட்டம் குலைந்துவிடும். இந்த வகை விளையாட்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இயங்குகின்றன.

இதன் பொருளை யோசித்துப் பார்க்க வேண்டும். என் எதிரியின் ஒற்றன் எங்கே நிற்கிறான் என்பது என் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அவன் எப்போது தயாரானான், எந்த வழியாக நடந்தான், என் சிப்பாயின் உருவத்தை எந்த நொடியில் எடுத்தான் என்பதெல்லாம் என் வீட்டு மேஜைமேல் இருக்கும் பெட்டிக்குள் கணக்காக இருக்கிறது. என் திரைக்கு மட்டும் அது சொல்வதில்லை. பிரஷ்யாவில் இருவருக்கும் நடுவில் நின்ற நடுவர் இப்போது இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ரைஸ்விட்ஸின் நடுவர் எதிரியை மறைத்தார். இவர் அதற்கு ஒருபடி மேலே போய், எதிரியை என் ஆள் என்று என்னிடம் காட்டுகிறார். நான் பணம் கொடுத்து வாங்கிய கருவி, என் எதிரியின் சார்பாக என்னிடம் பொய் சொல்கிறது. அப்படிச் சொல்வதற்கு நான் முன்னமே சம்மதித்திருக்கிறேன். தனியாகக் கம்ப்யூட்டரை எதிர்த்து ஆடினால் மாறுவேடம் ஒன்றுமில்லாமல் போவது இதனால்தான். பொய் சொல்கிறவனே ஏமாற முடியாது. ஏமாற இன்னொரு மனிதன் வேண்டும்.

நடுவரை விலைக்கு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் கணக்கைத் தோண்டித் திரையில் காட்டும் திருட்டு நிரல்கள் உண்டு. அவற்றை வைத்திருப்பவனுக்குப் பனி கிடையாது. ஆனால் அவனும் தெரியாதவன்போல் நடிக்க வேண்டும். ஒன்றும் பாராமல் நேராக ஒற்றனைச் சுட்டுவிட்டால் அகப்பட்டுக்கொள்வான். ஒற்றன் சிப்பாயாக வேடம் போடுகிறான்; இவன் குருடனாக வேடம் போடுகிறான். தென்கொரியாவில் ஸ்டார்கிராஃப்ட் பெரும் கூட்டம் கூடிப் பார்க்கிற, தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிற போட்டியாக வளர்ந்தபோது வேறு தினுசான சங்கடம் வந்தது. கூட்டத்துக்கு இரு தரப்பும் தெரியும். ஒளிந்திருப்பவன் யார் என்பதைக் கண்டு அவர்கள் எழுப்பும் ஆரவாரமே எதிராளிக்குத் துப்பாகிவிடும். எனவே ஆடுகிறவர்களைச் சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டுகளில் உட்கார வைத்தார்கள். கூத்தில் வேடதாரி யாரென்று ஊருக்கே தெரியும், மேடையில் நிற்கிற ராஜாவுக்கு மட்டும் தெரியாது. அந்த ராஜாவைக் காப்பாற்ற இங்கே கண்ணாடி போடவேண்டி வந்தது.

மாறுவேடத்தின் நிஜமான விளைவு என்ன என்பதற்கு 1944 டிசம்பரில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பெல்ஜியத்தின் ஆர்டென் காடுகளில் ஜெர்மானியர் கடைசியாக ஒரு பெரும் தாக்குதலில் இறங்கியபோது, ஓட்டோ ஸ்கோர்ஸெனியின் கீழ் ஒரு படை அமெரிக்க உடையில் உள்ளே போவதாக ஏற்பாடு. ஆங்கிலம் தெரிந்தவர்களைச் சேனை முழுவதும் தேடியும், அமெரிக்கக் கொச்சை உட்படச் சரளமாகப் பேசுகிறவர்கள் சுமார் 10 பேர்தாம் கிடைத்தார்கள். அமெரிக்க டாங்கிகள் போதவில்லை. தங்கள் பாந்தர் டாங்கிகளுக்குத் தகடு அடித்து உருவம் மாற்றினார்கள். ராணுவ ரீதியாகச் சாதித்தது அதிகம் இல்லை. சில ஜீப்புகளில் சிலர் உள்ளே போனார்கள். பிடிபட்டவர்களில் மூவர் டிசம்பர் 23இல் ஆன்ரி-ஷபெல் என்ற ஊரில் சுடப்பட்டார்கள். ஐஸன்ஹோவரைக் கொல்லப் போகிறார்கள் என்று பிடிபட்ட ஒருவன் உளறியதில், நேச நாட்டுத் தலைமைத் தளபதி வெர்ஸாயில் தன் சொந்தக் காவலுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்.

பெரிய பாதிப்பு சாலைகளில் நடந்தது. ஒவ்வொரு சந்திப்பிலும் அமெரிக்கக் காவலர்கள் அமெரிக்கர்களை நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். ஜெனரல் பிராட்லி தன்னை மூன்று முறை நிறுத்தியதாக எழுதியிருக்கிறார். இல்லினாய் மாநிலத்தின் தலைநகர் எது என்று ஒருவன் கேட்டான். ஸ்ப்ரிங்ஃபீல்ட் என்று அவர் சரியாகச் சொன்னார். காவலனோ சிகாகோ என்று நினைத்துக்கொண்டிருந்தான். அடுத்தவன் கால்பந்தாட்டத்தில் ஒரு நிலையைப் பற்றிக் கேட்டான். மூன்றாமவன் நடிகை பெட்டி கிரேபிளின் அப்போதைய கணவன் பெயரைக் கேட்டபோது ஜெனரலுக்குத் தெரியவில்லை. காவலன் சிரித்துப் போகவிட்டான். இல்லினாய் கேள்வியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சரியான விடை சொன்னவன் தப்பான விடை தெரிந்தவனிடம் மாட்டிக்கொள்கிறான். சிப்பாய் கொஞ்சம் பிடிவாதக்காரனாக இருந்திருந்தால்? 1947இல் டாகாவ் விசாரணையில் ஸ்கோர்ஸெனி விடுதலையானார். இதே மாதிரிக் காரியங்களை நாங்களும் செய்தோம் என்று ஒரு பிரிட்டிஷ் அதிகாரியே வந்து சாட்சி சொன்னார். அனுப்பியவருக்கு விடுதலை, சட்டை மாற்றிப் போன மூவர் முன்பே சுடப்பட்டுவிட்டார்கள். ஹேக்கில் எழுதிய கணக்கு அப்படியே வந்து நின்றது.

2006இல் கும்பகோணத்தில் ஒரு பிரௌசிங் சென்டரின் பின்கட்டில், மணிக்கு 15 ரூபாய் கொடுத்து, நானும் என் நண்பன் ஒருவனும் ரெட் அலெர்ட் இரண்டாம் பாகம் ஆடிக்கொண்டிருந்தோம். நடுவில் பிளைவுட் தட்டி. அவன் திரை எனக்குத் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். நான் சோவியத் தரப்பு. அவனைவிட எனக்குப் படை அதிகம். அவன் கிட்டத்தட்டத் தோற்றுக்கொண்டிருந்தான். நாய் ஒன்றும் நான் வாங்கவில்லை, அந்தப் பணத்துக்கு டாங்கிக்குச் சேரட்டும் என்று விட்டிருந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னான்: “மாப்ள, உள்ள ஒருத்தன் வந்துட்டான்டா.”

“எங்கடா?”

“சொல்லுவாங்களா?”

நான் திரும்பி என் பாசறையைப் பார்த்தேன். முப்பது, நாற்பது சிப்பாய்கள், எல்லோரும் ஒரே முகம். யாரை எப்போது அங்கே நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியவில்லை. மின்நிலையத்தின் வாசலில் இருவர் நின்றார்கள். அவர்களை நான் நிறுத்தியதாக ஞாபகம் இல்லை. தன் ஆளையே சுடவேண்டுமானால் கண்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு குறிவைக்க வேண்டும். முதலில் அந்த இருவர். ஒருவரும் ஒற்றன் இல்லை. பிறகு ரேடார் பக்கம் தனியாக நின்றவன். பிறகு அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன். சுட ஆரம்பித்தபின் நிறுத்துவது கஷ்டமாக இருந்தது. இதுவரை செத்தவர்கள் வீணாகக் கூடாது என்று அடுத்தவனைச் சுடவேண்டியிருந்தது. டாங்கிகளையும் திருப்பினேன். எல்லைப் பக்கம் பார்க்கவே இல்லை. கால்மணி நேரத்தில் அவன் படை வடக்கு மூலையில் நுழைந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

எழுந்து தட்டியைச் சுற்றிக்கொண்டு போய், ஒற்றன் எங்கே நின்றான் என்று கேட்டேன். அவன் நாற்காலியிலிருந்து திரும்பாமல், ஒற்றனெல்லாம் ஏதுடா, அதுக்குக் காசு ஏது என்கிட்ட என்றான்.